ஆப்பிரிக்கப் பேரறிஞர் பிளைடன்



நமது சங்க இதழில் இறைநேசர்கள், இமாம்கள், கொடை வள்ளல்கள் ஆகியோரின் சரித்திரங்களை வாசித்து வருகிறீர்கள். இம்முறை நம் மார்க்கத்தைச் சேராத ஒருவரின் சரித்திரத்தை எழுத முற்படுகிறோம். அவர் கிறிஸ்தவர், பாதிரியாராகப் பட்டம் பெற்றவர், கிரேக்கமும் லத்தீனும் போதித்த பேராசிரியர். ஆயினும் 1912ம் ஆண்டு பிப்ரவரி 7ந் தேதி மேற்கு ஆப்பிரிக்காவில் அவர் காலமானபோது, அவருடைய பெட்டியைச் சுமந்து சென்றவர்கள் முஸ்லிம்கள்.

பிற மதத்தவர் ஒருவரின் உடலை நம்மவர்கள் முன்வந்து தோளில் ஏற்றிக்கொண்டார்கள் என்றால், அவர் அந்த ஜமாஅத்துக்குச் செய்த உபகாரம் என்ன என்று அறிய ஆவல் உண்டாகிறதல்லவா? அந்த ஆவலினால்தான் நாம் இதனை எழுதுகிறோம். அவர் பெயர் எட்வர்ட் வில்மட் பிளைடன்.

பிறப்பும் இளமையும்

மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் தாமஸ் என்று ஒரு சிறு தீவு உண்டு. அக்காலத்தில் அது டென்மார்க் நாட்டாரின் ஆட்சியில் இருந்தது. 1917ல்தான் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அத்தீவின் துறைமுகப் பட்டணமாகிய சார்லட் அமாலியில் 1832ம் ஆண்டு ஆகஸ்ட் 3ந் தேதி பிளைடன் பிறந்தார். தகப்பனார் தையல்காரர், தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. இருவரும் ஆப்பிரிக்க வம்சத்தினர். அடிமைகளாக இல்லாமல் சுதந்திரராக வாழ்ந்தவர்கள். ஆனால் அத்தீவில் அடிமை முறை இருந்தது. 1848 ஜூலை 3ந் தேதிதான் அங்கே அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. அன்று பிளைடனுக்குப் பதினாறு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. தம் நிறத்தார் அடிமைகளாக உழைப்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளை அவர்.

பத்து வயதில் பெற்றோருடன் வெனிசுவேலா நாட்டுக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டார். பாஷை கற்கும் வரம் அவருக்கு இருந்தது அப்போதே தெரிந்தது. ஊர் திரும்பிய பின் காலையில் பள்ளிக்கூடம், பிற்பகலில் தையல் வேலை என்று நாட்கள் கழிந்தன. அந்நேரம் ஜான் நாக்ஸ் என்னும் அமெரிக்கப் பாதிரியார் பையனின் அறிவைக் கண்டு வியந்து, அவரை மேற்கொண்டு படிக்க வைக்க வேண்டும் என்று விரும்பினார்.

1850ல் பிளைடன் அமெரிக்கா சென்றார். ரட்கர்ஸ் இறையியல் கல்லூரியில் சேர மனுச் செய்தார். அவர் தோல் கறுப்பு என்பதனால் இடமில்லை என்று கூறிவிட்டார்கள். வேறு இரண்டு கல்லூரிகளிலும் அதே பதில். படிப்பு இல்லை என்று ஆனதோடு மட்டுமல்ல, அங்கே இருப்பதே ஆபத்தாகிவிட்டது. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்து எஜமானிடம் ஒப்படைக்க அந்த ஆண்டு ஒரு கடுமையான சட்டம் வந்தது. சுதந்திரராகப் பிறந்த கறுப்பரையும் அடிமை என்று சொல்லிப் பிடித்துப் போக அதில் வழி இருந்தது. ஆகவே அவ்வாண்டு டிசம்பரில் கப்பல் ஏறி, 1851 ஜனவரி 26ந் தேதி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா நாட்டில் இறங்கினார். அப்போது அவர் வயது பதினெட்டு.

லைபீரியாவில்

லைபீரியா என்பது அமெரிக்காவிலிருந்து திரும்பிய கறுப்பின மக்கள் குடியேறிய நாடு. 1847ல் அது தனிக் குடியரசாயிற்று. அங்கே பிளைடன் அலெக்சாந்தர் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். படித்த பள்ளிக்கே 1858ல் தலைமையாசிரியரும் ஆனார். அதே ஆண்டில் பாதிரியார் பட்டமும் பெற்றார். லைபீரியா கல்லூரி 1862ல் திறக்கப்பட்டபோது கிரேக்க, லத்தீன் பேராசிரியராக அமர்ந்தார். 1864 முதல் 1866 வரை அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரி உத்தியோகத்தையும் சேர்த்துப் பார்த்தார். இடமில்லை என்று அமெரிக்கக் கல்லூரிகள் திருப்பி அனுப்பிய பையன், பன்னிரண்டு ஆண்டுக்குள் ஒரு கல்லூரியின் பேராசிரியராக விளங்கினார்.

ஆனால் அந்நாட்டில் ஒரு குறை இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் கோட்டும் தொப்பியும் அணிந்து கடற்கரைப் பட்டணங்களில் வாழ்ந்தார்கள். உள்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பூர்வீக மக்களை நாகரிகமற்றவர்கள் என்று இழிவாக எண்ணினார்கள். வெள்ளையர் தம்மைப் பார்த்த அதே கண்ணால் இவர்கள் தம் சொந்த இனத்தைப் பார்த்தார்கள். பிளைடனுக்கு இது பொறுக்கவில்லை. உள்நாட்டு மக்களைச் சேர்த்துக் கொள்ளாமல் நாடு உருப்படாது என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அதனால் அவருக்குப் பகைவர் பலர்.

அரபு கற்ற பேராசிரியர்

உள்நாட்டிலிருந்து மண்டிங்கோ இன முஸ்லிம்கள் வியாபாரத்துக்காகக் கடற்கரைப் பக்கம் வருவது வழக்கம். அவர்கள் சரக்கோடு சேர்த்துக் கித்தாபும் கொண்டு வருவார்கள். நேரம் வந்தால் கடையை ஒதுக்கிவிட்டுத் தொழுவார்கள். மது அருந்த மாட்டார்கள். எந்த வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தையும் காணாமலே அரபு எழுதவும் வாசிக்கவும் அறிந்திருந்தார்கள். கடற்கரைப் பட்டணத்தார் எழுத்தறிவற்றவர்கள் என்று நினைத்த அதே மக்கள்தாம் இவர்கள்.

மற்றவர்கள் இதனைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். பிளைடன் அப்படி இருக்கவில்லை. இம்மக்களோடு பேச வேண்டுமானால் அவர்களுடைய கல்வி மொழியை நாம் கற்க வேண்டும் என்று தீர்மானித்தார். 1866ல் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த அம்மனிதர், முப்பத்து நான்காம் வயதில் மாணாக்கராகப் புறப்பட்டார். மிஸ்ரு தேசம் சென்று பிரமிடுகளைக் கண்டார். அங்கிருந்து லெபனான் சென்று, அந்த ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்த சிரியன் புராட்டஸ்டண்ட் கல்லூரியாருடன் தங்கி அரபு கற்றார். அக்கல்லூரிதான் பிற்காலத்தில் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. ஜெருசலத்தையும் தரிசித்துத் திரும்பினார். 1867ல் லைபீரியா கல்லூரியில் அரபு பாடத்தை ஏற்படுத்தினார்.

1871ல் அரசியல் பகைவரின் கும்பல் ஒன்று அவரைக் கொல்ல முயன்றது. உயிர் தப்பி அண்டை நாடாகிய சியரா லியோனின் ப்ரீடவுன் நகரம் சேர்ந்தார். அங்கே 1872ல் நீக்ரோ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. அங்கிருந்த ஆங்கிலேய சர்க்கார் அவரைத் தூதராக உள்நாட்டுக்கு அனுப்பியது. 1872ல் பலாபா என்ற ஊருக்கும், 1873ல் பூத்தா ஜாலோன் நாட்டின் தலைநகராகிய திம்போவுக்கும் சென்று வந்தார். திம்போ முஸ்லிம் ஆட்சியின் கீழ் இருந்த நகரம். அந்நாட்டு உலமாக்கள் தம் தாய்மொழியாகிய பூலா மொழியை அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்று பெயரிட்டு மார்க்க நூல்கள் இயற்றியதை நாம் அறிவோம். இரு சமுத்திரங்களுக்கு அப்பாலும் அதே வேலை நடந்திருக்கிறது.

அக்காலத்தில் சியரா லியோனின் கவர்னராக இருந்தவர் ஜான் போப் ஹென்னசி. அவர் அதற்கு முன் நமது லாபுவான் தீவில் கவர்னராக இருந்தவர். ஆப்பிரிக்கருக்கென்று ஒரு பல்கலைக்கழகம் மேற்கு ஆப்பிரிக்காவில் வேண்டும் என்று பிளைடன் 1872ல் அவருடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அப்பல்கலைக்கழகம் அப்போது எழவில்லை. ஆயினும் 1876ல் ப்ரீடவுனில் இருந்த பூரா பே கல்லூரி, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுப் பட்டம் வழங்கத் தொடங்கியது.

அவர் எழுதிய நூல்

1877ல் லைபீரியாவின் தூதராக லண்டன் சென்றார். 1880ல் லைபீரியா கல்லூரியின் தலைவரானார். 1881ல் அக்கல்லூரியில் ஆற்றிய பிரசங்கத்தில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். ஐரோப்பியர் அண்மைக் காலத்தில் எழுதிய சரித்திரங்கள் கறுப்பரை இழிவாகப் பேசுகின்றன. அவற்றை வாசிக்கும் ஆப்பிரிக்கப் பிள்ளை தன்னையே வெறுக்கக் கற்றுக்கொள்ளும். ஆகவே பழைய கிரேக்க, லத்தீன் நூல்களையும், கணிதத்தையும், அவற்றோடு அரபையும் சொந்த ஆப்பிரிக்க மொழிகளையும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

1885ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். 1886ல் பாதிரியார் உத்தியோகத்தைத் துறந்தார். 1887ல் லண்டனில் அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. கிறிஸ்தவம், இஸ்லாம், நீக்ரோ இனம் என்பது அதன் பெயர். கறுப்பின மக்களின் அரசியல் சிந்தனையில் அதற்கு நிலையான இடம் உண்டு.

அதில் அவர் கேட்ட கேள்வி இதுதான். கிறிஸ்தவம் கறுப்பனிடம் எப்படி வந்தது? அமெரிக்காவில் அவன் சங்கிலியில் கிடந்தபோது எஜமானின் மதமாக வந்தது. அவன் கண்ட தேவாலயச் சித்திரங்களிலெல்லாம் வெள்ளை முகமே இருந்தது. தன் சாயலில் புனிதம் ஏதுமில்லை என்று அவன் எண்ணிக்கொண்டான். இஸ்லாம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எப்படி வந்தது? வியாபாரிகளோடும் ஓதிக்கொடுப்பவர்களோடும் வந்தது. சீக்கிரத்தில் கறுப்பரே அதன் ஆலிம்களும் இமாம்களும் ஆனார்கள். தொழுகையில் உருவம் இல்லை. எந்த நிறத்து முகத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஆகவே முஸ்லிமான ஆப்பிரிக்கன் தன் சொந்தக் காலில் நின்றான், தன்னை மதித்தான், எழுத்தறிவும் பெற்றான் என்று பிளைடன் எழுதினார். ஒரு கிறிஸ்தவர், அதுவும் பாதிரியாராக இருந்தவர், இப்படி எழுதியது அக்காலத்தில் பெரிய பரபரப்பை உண்டாக்கிற்று.

புகழ்ச்சியைக் கேட்டு மயங்கலாகாது

இதனை வாசித்தபோது நமக்கு மனம் குளிர்ந்தது. பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசை நினைவுக்கு வந்தது. ஆனால் சரக்கை நிறுக்கும்போது தராசின் இரு தட்டையும் பார்ப்பதுதான் வியாபாரிக்கு அழகு. ஆகையால் சில விஷயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, பிளைடன் இஸ்லாத்தைத் தழுவவில்லை. இவ்வளவு எழுதியவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள ஆசை வரும். இல்லாததைச் சொல்வது அவருக்கும் மரியாதை அல்ல, நமக்கும் அல்ல.

இரண்டாவது, ஆப்பிரிக்காவில் முஸ்லிம் அரசர்களும் வியாபாரிகளும் கூட அடிமைகளைப் பிடித்தார்கள், விற்றார்கள். பிளைடன் இதனைப் போதிய அளவு கண்டிக்கவில்லை; நம்மை அவர் புகழ்ந்தது நமக்குரிய அளவுக்கும் அதிகம். நம் மார்க்கம் அடிமையை விடுவிப்பதை நன்மையாக்கியது. அம்மார்க்கத்தாரில் பலர் அடிமை விற்று லாபம் பார்த்தார்கள். இதனை நாம் மறைத்தால், பிறருடைய குற்றத்தைப் பேச நமக்கு வாய் இராது.

மூன்றாவது, அவருக்கும் ஒரு குறை இருந்தது. லைபீரியாவில் கலப்பினத்தார் அவருக்குச் செய்த தீங்கினால், அவ்வினத்தார் எல்லோரையும் அவர் வெறுத்தார். நிறத்தால் இழிவுபட்டவரே பிறரை நிறத்தால் இழிவுபடுத்தினார். நிறத்தினால் உயர்வு தாழ்வு இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் போதித்தது எல்லோருக்கும் பொது.

நான்காவது, ஆங்கிலேயர் ஆட்சி ஆப்பிரிக்காவுக்குச் சில காலம் நன்மை செய்து விலகும் என்று அவர் நம்பினார். 1884, 1885 ஆண்டுகளில் பெர்லின் நகரில் ஐரோப்பியர் மாநாடு கூடிய பின், சில ஆண்டுக்குள் அக்கண்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். விலக அவர்களுக்கு மனம் வரவில்லை. அங்கே நாடுகள் விடுதலை பெறுவதற்குள் பிளைடன் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

பள்ளிக்கூடப் பிரச்சினை

இனி அவர் செய்த காரியத்துக்கு வருவோம். நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி இதுதான்.

மேற்கு ஆப்பிரிக்கப் பட்டணங்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. முஸ்லிம் பெற்றோர் பயந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் பெயரும் மாறும், மார்க்கமும் மாறும் என்பது அவர்கள் பயம். அது வீண் பயமும் அல்ல. ஆகவே ஓதப்பள்ளிக்கு மட்டும் அனுப்பினார்கள். விளைவு என்ன? சர்க்கார் உத்தியோகம், கோர்ட்டு, கம்பெனிக் கணக்கு எல்லாம் மற்றவர் கையில் போய்ச் சேர்ந்தன. முஸ்லிம்கள் எண்ணிக்கையில் இருந்தும் செல்வாக்கில் இல்லாமல் போனார்கள்.

பிளைடன் இரு தரப்பாரிடமும் பேசினார். முஸ்லிம்களிடம், ஆங்கிலமும் கணக்கும் கற்றால் ஈமான் போய்விடாது என்றார். சர்க்காரிடம், இப்பிள்ளைகளின் அரபையும் குர்ஆன் ஓதலையும் தள்ளிவிட்டு எந்தப் பள்ளிக்கூடமும் நடத்த முடியாது என்றார். 1896ல் அவர் லாகோஸ் நகரில் உள்நாட்டார் விவகாரங்களுக்கான அதிகாரியாக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் அங்கே முஸ்லிம் பிள்ளைகளுக்கு சர்க்கார் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதில் அவர் முயற்சிக்குப் பங்கு உண்டு.

லாகோஸில் அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் நடந்த வைபவம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கோலாக்கொட்டை வியாபாரத்தில் பொருளீட்டிய முகம்மது ஷித்தா என்னும் பெருவணிகர் தம் சொந்தச் செலவில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். 1894 ஜூலை 4ந் தேதி அதன் திறப்பு விழா நடந்தது. துருக்கி சுல்தான் அப்துல் ஹமீது அவருக்கு பே என்னும் பட்டம் வழங்கினார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து முஸ்லிம் தலைவர் அப்துல்லாஹ் குவில்லியம் அப்பட்டத்தைக் கொண்டு வந்தார். அச்சபையில் பிளைடனும் இருந்தார். ஒரு வியாபாரியின் சம்பாத்தியம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு ஷித்தா பே ஓர் உதாரணம்.

1901ல் சியரா லியோன் சர்க்கார் பிளைடனை முஸ்லிம் கல்வி டைரக்டராக நியமித்தது. அப்போது அவர் வயது அறுபத்தெட்டைத் தாண்டியிருந்தது. மற்றவர்கள் சாய்வு நாற்காலியில் அமரும் வயதில், அவர் ப்ரீடவுன் முஸ்லிம்களின் பள்ளிக்கூடங்களில் காலம் கழித்தார். முஸ்லிம் இளைஞர்களுக்குத் தாமே ஆங்கிலம் போதித்தார். ஒரே கூரையின் கீழ் குர்ஆனும் அரபும் ஆங்கிலமும் கணக்கும் நடக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1906 வரை அவ்வுத்தியோகத்தில் இருந்தார். பாதிரியாராக இருந்த ஒருவர், முஸ்லிம் பிள்ளைகளை மதம் மாற்ற எண்ணாமல், அவர்கள் முஸ்லிம்களாகவே இருந்து முன்னேற வேண்டும் என்று உழைத்தார். அவருடைய பெட்டியை நம்மவர்கள் சுமந்த காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

அவர் விட்டுச்சென்றது

அவர் மறைவுக்குப் பின் அவர் கருத்துக்கள் மறையவில்லை. 1893ல் ப்ரீடவுனில் பேசும்போது ஆப்பிரிக்கரின் தனித்தன்மை என்ற கருத்தை அவர் எடுத்துரைத்தார். 1957ல் விடுதலை பெற்ற கானா நாட்டின் தலைவர் நிக்ருமா அதே சொல்லை உலக அரங்கில் முழங்கினார். ஜமைக்காவின் மார்க்கஸ் கார்வி அவர் நூல்களிலிருந்து ஊக்கம் பெற்றார். செனகல் நாட்டின் முதல் ஜனாதிபதியும் கவிஞருமான செங்கோர் அவரைத் தமக்கு முன்னோடி என்று ஒப்புக்கொண்டார். உலகெங்குமுள்ள கறுப்பின மக்கள் ஒரே குடும்பம் என்னும் இயக்கத்துக்கு அவரைத் தந்தை என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள்.

சகோதரர்களே! நாம் மதறஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுப் பெட்டியடிக்கு வந்தவர்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் அதனை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு ஓடியவர்கள். ஆகவே நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆத்திரம் நமக்கு உண்டு. அந்த ஆத்திரத்தில் பரீட்சை நெருங்கினால் முதலில் நாம் நிறுத்துவது எதனை? மதறஸாவை. அடுத்தது எதனை? தமிழை. ட்யூஷனுக்குப் பணம் கட்ட நாம் யோசிப்பதில்லை. உஸ்தாதின் சம்பளத்துக்கு மட்டும் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதிக்கிறோம். இன்னொரு பக்கம், ஓதினால் போதும், மற்றது எதற்கு என்று பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகத்தை ஒரு நாளும் திறந்து பாராத தகப்பன்மாரும் நம்மில் உண்டு.

இரண்டும் வேண்டும் என்று நமக்குச் சொல்ல ஒரு கிறிஸ்தவப் பேராசிரியர் ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. தன் மொழியையும் கித்தாபையும் விட்டுவிட்டுப் பிறர் மதிப்பைத் தேடினவன் இரண்டையும் இழப்பான் என்பதைத் தம் கண்ணால் கண்டு சொன்னவர் அவர். முப்பத்து நான்கு வயதில், மந்திரி நாற்காலியை விட்டு இறங்கி, அலிப் பா என்று தொடங்கியவர். நமக்கு அந்த அலிப் பா குழந்தையிலேயே இலவசமாகக் கிடைத்தது. அதனை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டால் கணக்கு நம் பெயரில்தான் எழுதப்படும்.

வரும் பள்ளி விடுமுறையில் மதறஸாவில் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை ஒவ்வொரு தகப்பனாரும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்படியே அவர்களின் பள்ளிக்கூட அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். பிளைடனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.

அல்லாஹ் நம் மக்களுக்கு இரு உலகக் கல்வியையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.